ஓரின் வீட்டு இரண்டு நோயாளிகள்

ஓரின் நடக்கும்போது முன்னால் பார்ப்பதில்லை. கழுத்தை வலப்பக்கம் முறுக்கி, தோளுக்குப் பின்னால் குதிரையின் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். மார்பில் கட்டிய துணித்தொட்டிலில் பேத்தி மேவிஸ். வலது கையில் கயிறு. கயிற்றின் அந்தப் பக்கம் சார்ஜண்ட், இருபத்தேழு வயதுச் செம்பழுப்புக் கிழவன். இப்படியே போய் ஒருநாள் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டின் தபால் பெட்டியில் தோளை இடித்துக்கொண்டு, பெட்டியிடம் "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார். டெல்பர்ட் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். மத்தியானத்துக்குள் காபிக் கடையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு "மன்னிச்சுக்கப்பா" என்றார்கள்.

ஓரினுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. மே மாதம் பேத்தி பிறந்ததிலிருந்து அவர் தரையில் நடப்பதே குறைவு. எழுபது வயது, கோதுமை விளைத்து விளைத்துக் காய்த்துப் போன கைகள். அந்தக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் போட வந்தவரைக்கூட விடமாட்டார்.

"இது மேவிஸ் கொட்டாவி விடறது. இது மேவிஸ் தும்மறதுக்கு முன்னாடி. இது தும்மினதுக்கு அப்புறம். இது..."

"அடடா, அப்படியே உன் ஜாடை!"

"அது சார்ஜண்டோட குளம்புப்பா. லாடக்காரருக்கு அனுப்ப எடுத்தேன்."

முகம் கொஞ்சமும் சுளிக்காது. குளம்பையும் பெரிதாக்கிக் காட்டுவார்.

குதிரைக்குத் தேய்க்கிற தைலத்தைத் தன் முழங்காலுக்கும் தேய்த்துக்கொள்வது இன்னொரு வழக்கம். முதலில் சார்ஜண்டுக்கு, பிறகு தனக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர் இடம் எப்போதும் காலி. மனைவி லவோன் மட்டும் அந்த வாடையைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். "நாப்பத்தாறு வருஷம் முன்னாடி சாமி முன்னால வாக்குக் குடுத்துட்டேன். இல்லேன்னா நானும் அந்தப் பக்கம்தான்" என்பாள்.

குதிரைக்கு நேர்ந்த கோளாறில் பாதி ஓரின் பாசத்தால் செய்தது. ஓரின் வசிக்கும் குளிர் மாநிலமான மொன்டானாவில் வயதானவர்கள் பனிக்காலம் வந்தால் வண்டியைக் கட்டிக்கொண்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விடுவார்கள். போன வருடம் சார்ஜண்ட் பின்னங்காலை இழுக்க ஆரம்பித்ததும் ஓரின் ஒரு முடிவுக்கு வந்தார். "நம்ம ஆளுங்க எல்லாம் அரிசோனா போறாங்க. இவன் எப்படிப் போவான்? நானே ஒரு அரிசோனாவைக் கட்டித் தரேன்." சுவர் அடைத்து, சூடு தரும் விளக்கு போட்டு, முட்டளவு வைக்கோல் பரப்பி ஒரு கொட்டில். கதவில் 'அரிசோனா' என்று பெயின்டில் எழுதினார். உள்ளே சார்ஜண்டை விட்டு, வேளைக்கு வேளை ஓட்ஸ், நடுவில் காரட், படுக்கப் போகுமுன் இஞ்சி பிஸ்கட். குளிர்காலம் முழுக்க அந்தக் குதிரை பத்தடி நடந்திருந்தால் அதிகம். வசந்தத்தில் கதவைத் திறந்தபோது உருண்டையாய் ஒரு பீப்பாய் வெளியே வந்தது. இடது பின்னங்கால் தரையைச் சுரண்டியது.

கால்நடை டாக்டர் ரெனே வந்தாள். அந்தக் காலைத் தூக்கி மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, ஓட்டிக் காட்டச் சொன்னாள். சார்ஜண்ட் மூன்று காலில் தத்தியது. ஓரின் முகம் வெளுத்துவிட்டது.

"முட்டு தேஞ்சிருக்கு ஓரின். வயசு, அதை மாத்த முடியாது. ஆனா மீதி நீங்க பண்ணினது. மூட்டுவாதம் வந்த குதிரையை அடைச்சு வெச்சா துருப்பிடிச்சிடும்."

"சூடா இருந்தா நல்லதுன்னு..."

"நடந்தாத்தான் அவனுக்குச் சூடு. ராத்திரி பகல் வெளிய விடுங்க. தினம் மெதுவா நடத்துங்க, ஓட்டாதீங்க. சரளைக்கல்லு வேணாம், ஓர மண்ணுல நடத்துங்க. குளம்பு முனை நீண்டு கிடக்கு, வெட்டிச் சுருக்கச் சொல்லுங்க. ஓட்ஸ் கிடையாது. அந்தத் தொப்பை முழுக்க இந்த முட்டு மேலதான் உக்காந்திருக்கு."

"பிஸ்கட்?"

"ஓரின்!"

"ஒண்ணே ஒண்ணு?"

டாக்டர் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். வலிக்குப் பொடி கொடுத்தாள். வண்டியில் ஏறுமுன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "படுத்தா தானா எழுந்திருக்கணும். முதல் உறைபனி விழறப்போ அது முடியலேன்னா என்னைக் கூப்பிடுங்க. எழுந்திருக்க முடியாத குதிரையைப் பனிக்குள்ள இழுத்துட்டுப் போறது பாசம் இல்ல."

அந்தப் பக்கத்தில் மண் உறைந்துவிட்டால் இரும்பு. அதனால் வயதான குதிரை வைத்திருக்கிற வீட்டுக்கு, பொக்லைன் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் முன்கூட்டியே வந்து, குதிரைக்குக் குழி தோண்ட வேண்டியிருக்குமா என்று கேட்டுவிட்டுப் போவது மரியாதை. டெல்பர்ட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தப்பா நினைக்காதடா. முதல் உறைபனி அன்னைக்குக் காலையில வரேன். வேணும்னா தோண்டிடறேன். வேணாம்னா ஒரு காபி குடிச்சிட்டுப் போறேன்."

"காபிதான்" என்றார் ஓரின்.

"அப்படியே ஆகட்டும். ஆனாலும் வண்டிய எடுத்துட்டு வரேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஓரின் கரண்டியை வைத்துவிட்டு மகள் காரியிடம் சொன்னார்: "மேவிஸ் 'குதிரை'ன்னு மொதமொதல்ல சொல்ற அன்னைக்கு, கை நீட்டிக் காட்ட ஒரு குதிரை நிக்க வேணாமா?" காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சவாரி கற்றதும் சார்ஜண்ட் முதுகில்தான். கணவன் எண்ணெய்க் கிணற்று வேலையில் தூரத்தில் இருக்க, அவள் குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள்.

பொடி கொடுப்பதே தினமும் ஒரு கூத்து. கசப்புப் பொடியை லவோன் தேவாலய விற்பனைக்கென்று கிளறி வைத்த ஆப்பிள் கூழில் குழைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஏற்றி, சார்ஜண்டின் கடைவாயில் பீச்ச வேண்டும். சார்ஜண்ட் அடக்கமாக வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். ஓரின் "நல்ல பையன்" என்று திரும்பும் வரை காத்திருந்து, அவர் முதுகில் தும்மும்.

"சட்டை நல்லா இருக்கு" என்பாள் லவோன். "எத்தனை பாட்டில் கூழ் அது?"

"ரெண்டு. அதுல ஒண்ணு உள்ள போயிருக்கும்."

"யாருக்குள்ள?"

குழந்தைக்கோ வயிற்றில் வாயு. சாயங்காலம் ஆரம்பித்தால் வீடு இரண்டாகும். தொட்டில், ஆட்டம், பாட்டு எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் ஓரின் அழுகிற குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டே குதிரையைக் கூட்டிக் கிளம்பினார். டக், டக், டக், சர்ர். டக், டக், டக், சர்ர். டெல்பர்ட் வீட்டை எட்டுமுன் மேவிஸ் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். ஓரினுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, குதிரைப் பக்கத்துல கைக்குழந்தையா?" என்று காரி முதலில் குதித்தாள். பிறகு மறுநாள் தானே கூடவே நடந்து பார்த்தாள். "கயித்தைக் கையில சுத்தக்கூடாது. அவன் தோள்பக்கமா நட. லாரி வந்தா நில்லு" என்று சட்டம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

கோடை முழுக்கக் காலையும் மாலையும் இந்த ஊர்வலம். சார்ஜண்டின் வயிறு இறங்கியது. லாடக்காரர் முனையைச் சுருக்கி, முன்பக்கம் உருட்டிய லாடம் அடித்தார். காலின் இழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் படுத்தால் எழுவதுதான் சந்தேகமாகவே இருந்தது. செப்டம்பரில் ஒருமுறை எழ முடியாமல், ஓரினும் டெல்பர்ட்டும் பின்னால் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். அதற்கப்புறம் சார்ஜண்ட் படுத்ததை யாரும் பார்க்கவில்லை. நின்றேதான் தூங்கியது. ஓரினும் சரியாகத் தூங்கவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, புல்லெல்லாம் வெள்ளை. ஓரின் மேவிஸை மார்பில் கட்டிக்கொண்டு வேலிக்கு வந்தார். சார்ஜண்ட் வயல் நடுவில் படுத்திருந்தது. முதுகில் பனி பூத்திருந்தது.

ஓரின் கூப்பிடவில்லை. உள்ளே போகவும் இல்லை. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். லவோன் சமையலறை ஜன்னலில் ஈரக் கையோடு நின்றாள். காரி காலுறையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

சார்ஜண்ட் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை நீட்டியது. முன்பாதி எழுந்து, பின்பாதி எழாமல், நாய் மாதிரி உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்த்தது.

"மெதுவா... அவசரமே இல்ல" என்றார் ஓரின்.

சார்ஜண்ட் ஒரு மூச்சு இழுத்தது. பின்பாதியை உந்தித் தூக்கியது. தூக்கும்போதே பீரங்கி மாதிரி காற்றை விட்டது. நான்கு காலில் நின்றது. உடம்பை உதறிப் பனியைத் தெறித்துவிட்டு, காலைப் புல்லுக்காக வேலிக் கதவை நோக்கி வந்தது.

"எழுந்துட்டான்! லவோன்! எழுந்துட்டான்டி!" ஓரின் கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. லவோன் கரண்டியால் ஜன்னலைத் தட்டினாள். காரி காலுறையோடு பனியில் ஆடினாள்.

மேவிஸ் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

ஓரின் பதறிப்போய்க் கயிற்றை மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்தார். டக், டக், டக், டக். குழந்தை அழுதது. டக், டக், டக், டக். இன்னும் உரக்க அழுதது. பாதித் தூரம் போனபிறகுதான் அவருக்குப் பிடிபட்டது: அந்தச் சர்ர் இல்லை. கால் சுரண்டவே இல்லை. ஓரின் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் இடது பூட்ஸை மண்ணில் இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். டக், டக், டக், சர்ர். மேவிஸ் விக்கி, விசும்பி, அடங்கி, கன்னத்தை அவர் சட்டையில் சாய்த்தாள்.

எதிரே பொக்லைன் உறுமிக்கொண்டு வந்தது. டெல்பர்ட் எட்டிப் பார்த்தார். குதிரை நிமிர்ந்து சீராக நடந்தது. பக்கத்தில் ஓரின் காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"டேய்! குழி யாருக்குடா?"

ஓரின் நிற்கவில்லை. பூட்ஸை இழுத்தபடியே, உதட்டில் விரலை வைத்து, கயிறு பிடித்த கையால் இன்ஜினை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனார்.