கரகரப்பு என்று தமிழில் எழுதிய பெட்டி

திருகோணமலை உட்துறைமுக வீதியில், மீன்பிடி வள்ளங்களின் கருவிகளைத் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்தேன். பெண் திருத்தினால் நடுக்கடலில் காலை வாரிவிடும் என்று சொல்லி ஒருவர் தன் வோக்கிடோக்கியைத் திரும்ப எடுத்துப்போனார். மூன்றாம் நாள் அதையே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திருத்திக் கொடுத்தேன்.

பாலையூற்று மாதா கோயிலில் கித்தார் வாசிக்கும் என் பள்ளித் தோழி, ஒருநாள் பழுதான பெடல் ஒன்றோடு வந்தாள். கித்தாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைக்கும் சின்னப் பெட்டி அது. காலால் அழுத்தினால் கித்தாரின் சத்தம் கரகரத்துத் தடிக்கும். வெளிநாட்டுச் சாமான். திறந்து பார்த்தேன். உப்புக்காற்றில் உள்ளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"திருத்த ஏலுமா?"

"ஏலாது. நான் புதுசா ஒண்டு செய்து தாறன்."

வாய் முந்திவிட்டது. அந்தப் பெட்டியின் மின்சுற்றைத் தாளில் வரைந்தேன். பழைய ரேடியோக்களில் கழற்றிய பாகங்களை ஈயத்தால் பற்றவைத்தேன். முதல் இரண்டு பெட்டிகளும் ஊமை. மூன்றாவது பேசியது. வள்ளத்துக் கருவிகளுக்குப் பூசும் வார்னிஷையே உள்ளே பூசி மூடினேன். திருகும் குமிழ்களுக்குக் கீழே 'ஒலி', 'கரகரப்பு', 'தொனி' என்று எழுதினேன்.

கோயில் மண்டபத்தில் தோழி அதை மிதித்து வாசித்தாள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"இது கெஞ்சுற சத்தமில்லையடி, சண்டைக்கு வாற சத்தம்" என்றாள்.

விற்பதற்கென்று செய்த ஆறு பெட்டிகள் சேர்ந்ததும் கொழும்பில் ஓர் இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரரும் தமிழர்தான். வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"சாமான் நல்லம், தங்கச்சி. ஆனா இந்த எழுத்தைக் கண்டா ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. அழிச்சுப்போட்டு இங்கிலீஷில ஒரு பேர் போடுங்க. வெளிநாட்டுச் சாமான் மாதிரி இருக்கட்டும்."

"ஏலாது அண்ணை. நான் செய்த சாமான், நான் செய்த மாதிரியே இருக்கட்டும்."

"அப்ப எனக்கு வேணாம்."

"சரி, நான் கொண்டுபோறன்."

பஸ்ஸில் ஆறையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியிலுள்ள ஹபரணை வரையில் அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன. பிறகு கோபம் மட்டுமே மிஞ்சியது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் இன்னும் பெரிய எழுத்தில் 'திருகோணமலையில் செய்தது' என்று சேர்த்தேன்.

தோழி வாசிப்பதைப் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டோம். இரண்டு கிழமையில் ஆறும் விற்றுப்போயின. மாத்தறையிலிருந்து ஒரு சிங்களக் கித்தார்க்காரர் அழைத்து, எழுத்துகளை எப்படி வாசிப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். "க-ர-க-ரப்-பு" என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது கடை வேலையை விட்டுவிட்டேன். வீட்டு முன்னறைதான் பட்டறை. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் கூட விற்கும் என்று இன்றைக்கும் யாராவது சொல்வார்கள். விற்கலாம். நான் எழுதுவதாக இல்லை.