பொன்மலரின் ஞாயிற்றுக்கிழமை

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் ஏற்றுமதி ஆபீசுகளுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. பொன்மலர் வேலைபார்த்த கம்பெனிக்கும் அப்படித்தான். முனீர் அகமது நடத்திய அந்த மாடி ஆபீஸ், அறுபது தோல் வியாபாரிகளின் வெப்சைட்டுகளையும் இமெயிலையும் ஒரே சர்வரில் வைத்துப் பார்த்துக்கொண்டது. சர்வர் இருந்தது அமெரிக்காவில். மாதத்தில் இரண்டு முறையாவது அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் போட வேண்டும். போடாவிட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். போட்டால் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும்; அதுவரை அறுபது வெப்சைட்டும் திறக்காது.

ஊரே ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் வெள்ளி மதியத்தை அதற்கு ஒதுக்கினார்கள். யார் வந்து உட்காருவது என்று கேட்டபோது பொன்மலர் முந்திக்கொண்டாள்.

"நான் வர்றேன் சார். எனக்கு சண்டே லீவு குடுத்துடுங்க."

அது இரண்டாயிரத்து ஒன்றில். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கை ஜெனிஃபா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போய்விட்டாள். ஆம்பூரில் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். வாரத்தில் ஆறு நாளும் அவளோடு பேசுகிறவர்கள் எதையாவது சரிசெய்யச் சொல்லித்தான் பேசினார்கள். சர்ச்சில் ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனையில் மட்டும், பாடகர் வரிசையில் இரண்டாவது இடத்தில், பக்கத்துத் தோள் தன் தோளில் உரச நின்று, ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண்குரலில் பாடுவாள். ஆராதனை முடிந்ததும் பாட்டு மாஸ்டர் ஆலன் வீட்டில் எல்லாருக்கும் இட்லி. அதற்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமைகளில் பூட்டிய கடைகளைத் தாண்டி மாடியேறுவாள். கட்டளையைத் தட்டிவிட்டு, சர்வர் பதில் சொல்லும்வரை டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடம் அப்படிப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சர்வர் எழுந்திருக்க மூன்று மணி நேரம் பிடித்தது. மறுநாள் ஏற்றுமதிக்காரர் ஜான் பாஷா படியேறி வந்தார்.

"இன்னா பாய், கடைய மூடிட்டியா? ஜெர்மன்காரன் நேத்து நம்ம வெப்சைட்ட பாத்திருக்கான். ஒண்ணுமே இல்லையாம். கம்பெனி இருக்குதா இல்லையான்னு மெயில் போட்டுக் கேக்குறான்!"

"அவன் ஊரு லைன் கோளாறா இருக்கும் பாய்," என்றார் முனீர். "ஜும்மா நேரத்துல யாரு பாக்கப் போறான்?"

"அவனுக்கு இன்னாய்யா ஜும்மா?"

முனீர் பொன்மலர் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் பாத்து சொல்லும்மா. நம்ம தப்பா, அவன் தப்பா?"

யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகளைப் பொன்மலர் திறந்தாள். நமக்கு மதியம் பன்னிரண்டரை என்றால் ஜெர்மனியில் காலை எட்டு. வாங்குகிறவர்கள் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிற நேரம் அது. எந்த வெள்ளியை எடுத்தாலும், சர்வரை நிறுத்துகிற நிமிடம்வரை உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஊர் பூட்டியதால் உலகமே பூட்டிவிட்டதாக எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளும்தான்.

எந்த நேரம் சரி என்பதையும் பதிவுகளே காட்டின. ஞாயிறு காலை ஆறிலிருந்து பத்து. பத்து மணிக்கு முன்னால் உள்ளூர் ஆபீசுகள் திறந்திருக்காது, ஜெர்மன்காரன் தூங்குவான். ஏதாவது கெட்டுப்போனாலும் அவன் திங்கட்கிழமை வருவதற்குள் சரிசெய்துவிடலாம்.

லைன் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முனீர் நம்பிவிடுவார். அன்று மாலை முனீர் ஷட்டரை இறக்க எழுந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"நம்ம தப்புதான் சார். சண்டே காலைக்கு மாத்திடணும்."

"சண்டேவா? சர்ச்சுக்கு போவியேம்மா?"

"வேற யாருக்கும் இந்த வேல தெரியாதே சார்."

முனீர் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் உருட்டினார். "வெள்ளிக்கிழம நீயும் லீவு எடுத்துக்கோ," என்றார். அதற்குமேல் அவரிடமும் கொடுக்க எதுவும் இல்லை.

ஆலனுக்கு அவளே போன் செய்தாள்.

"இனிமே சண்டேல வர முடியாதுண்ணா. ஆபீஸ் வேல."

"அடடா. சரி மலரு, பரவால்ல. ஜெமி ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்கா, அவள உன் இடத்துல நிக்க வெச்சிடறேன்."

"ஜெமி கடைசி அடிய சீக்கிரம் விட்டுடுவா. இழுத்துப் பாடச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்," என்று ஆலன் போனை வைத்துவிட்டார்.

பராமரிப்பு நேரம் மாறிய செய்தியை அறுபது பேருக்கும் அனுப்பிவிட்டு, பொன்மலர் ஆம்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினாள்.