குரங்குக் குல்லா போட்டவர்

ஏற்காட்டில் குரங்குக் குல்லா போட்டவர் யாராக இருந்தாலும் டூரிஸ்ட்தான். நாங்கள் வெறும் சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருப்போம். சேலத்திலிருந்து ஏறி வந்தவர் குல்லா, மப்ளர், கையுறை என்று சகலமும் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். நான் வருஷக்கணக்கில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள். குல்லாவைக் கண்டால் வாய் தானாகச் சிரிக்கும், கை தானாகச் சாவியைத் தேடும்.

படித்தது தாவரவியல், விற்றது ஏரி தெரியும் ரூம். தலைமுடி நரைக்கத் தொடங்கிய வயதில், என்ன பேய் பிடித்ததோ, பி.எட். சேர்ந்தேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குளுகுளுன்னு உக்காந்து பாக்கற வேலைய உட்டுட்டுப் போறியே கண்ணு! சரி, பாஸானா அங்க, பெயிலானா இங்க. செய்முறைத் தேர்வு முடியற வரைக்கும் உன் சேர்ல யாரும் உக்கார மாட்டாங்க."

நல்ல மனுஷர். ஆனால் அந்தக் காலி சேர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பெயிலானால் அதில் போய் உட்கார்ந்து, "வாங்க டீச்சரம்மா" என்று ரூம் பாய் முதல் எல்லோரும் சிரிப்பதைக் கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு வாழவந்திப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு கிடைத்தது. முதல் நாளே மானம் போனது. ஒருவன் எழுந்து, வெளியே போகலாமா என்று கேட்டான். "தாராளமா சார், நேராப் போய் இடது பக்கம்" என்றேன். தாமதமாக வந்த பெண்ணிடம், "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் 'ஓட்டல் அக்கா'. டீச்சர் என்று கூப்பிட ஒரு வாயும் திறக்கவில்லை. எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. எக்ஸாமினர் உட்கார்ந்து பார்க்கும் தேர்வு அன்றைக்காவது டீச்சர் என்று கூப்பிடச் சொல்லி, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்து வாக்கு வாங்கினேன். லஞ்சம்தான், வேறென்ன.

தேர்வு நாளில் பாடம் ஒளிச்சேர்க்கை. சொல்லி வைத்ததுபோல் அன்றைக்கே மலை முழுக்க மூட்டம். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரமே தெரியவில்லை, சூரியனுக்கு எங்கே போவது? எக்ஸாமினர் காரில் வருவார் என்று தலைமையாசிரியை கேட்டருகே காத்திருந்தார்.

அப்போது வகுப்பு வாசலில் ஒரு குரங்குக் குல்லா. மப்ளருக்கு மேல் மூக்கு மட்டும் தெரிந்தது. பல் தந்தியடிக்க, "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்றது.

போகிற வழியில் டூரிஸ்ட்டுகள் இதற்காகப் பள்ளிக்கூடத்தில் இறங்குவது எங்கள் ஊர் வழக்கம். நான் பளிச்சென்று சிரித்தேன். "பின்னாடி இருக்குதுங்க சார். அப்படியே சேர்வராயன் கோயிலுக்குப் போறதுன்னா மழைக்கு முந்தி போயிருங்க. குகைக்குள்ள தலை இடிக்கும், குனிஞ்சு போகோணும்."

"படகுக்குப் போகாதீங்க அங்கிள், நொம்பக் கூட்டம்!" என்று பிள்ளைகளும் சேவை செய்தார்கள்.

போனவர் திரும்பி வந்தார். வந்தவர் நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. "தப்பா நினைச்சுக்காதீங்க சார். டூரிஸ்ட் எல்லாம் கிளாஸ்ல உக்காரக் கூடாதுங்க. எக்ஸாமினர் வர்ற நேரம்."

அவர் குல்லாவைக் கழற்றினார். "வந்தாச்சும்மா. பஸ்ல வந்தேன். ஆரம்பிங்க."

காலி சேர் கண் முன்னால் ஒரு சுற்று சுற்றி நின்றது. சார்ட்டைத் தலைகீழாக மாட்டி, மறுபடி நேராக மாட்டி, எப்படியோ தொடங்கினேன். பாதியில் முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், இன்னிக்கு வெயிலே இல்லீங்க. இலைக்கெல்லாம் லீவுங்களா?"

டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாள், ஆரஞ்சுக்கு நன்றி. ஆனால் பதில்? எழுதித் தயாரித்த பாடத்திட்டத்தில் மூட்டத்துக்கு இடமே இல்லை. வாயில் வந்தது லாட்ஜ்தான்.

"இல்ல சாமி. இலை ஒரு ஓட்டல் சமையக்கட்டு. வேர் தண்ணி கொண்டு வருது. இலையில இருக்கற குட்டிக் குட்டித் துளைதான் ரிசப்ஷன். கார்பன் டை ஆக்சைடு செக்-இன், ஆக்சிஜன் செக்-அவுட். வெளிச்சம்தான் அடுப்பு. மூட்டத்துலயும் வெளிச்சம் இருக்குதில்ல? அடுப்பு சிம்ல எரியுது. சமையல் நடக்குது, மெதுவா."

"அப்ப ராத்திரிக்கு அடுப்பு அணைஞ்சிருங்களா டீச்சர்?"

"அணைஞ்சிரும்."

பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அம்மாவோ அப்பாவோ லாட்ஜில் வேலை. கைகள் மளமளவென்று எழுந்தன. பச்சையம்தான் சமையல் மாஸ்டருங்களா? சர்க்கரைதான் சாப்பாடுங்களா? ஆரஞ்சுக் கணக்கெல்லாம் மறந்து, வாய்க்கு வாய் டீச்சர், டீச்சர் என்றார்கள். கடைசி பெஞ்சு மப்ளர் குலுங்கியது. குளிரா, சிரிப்பா, தெரியவில்லை.

முடிந்ததும் வராந்தாவில் அவர் கூச்சத்தோடு நின்றார். மார்க் பற்றி மூச்சு விடவில்லை. "நாளைக்கு லீவு. வீட்டுக்காரம்மாவையும் வரச்சொன்னா அந்தக் குகைக் கோயிலைப் பாத்துடலாம். நல்ல ரூம் ஏதாவது கிடைக்குமா?"

எனக்குத் தெரிந்தது ஒரே லாட்ஜ். போன் போட்டேன். மேனேஜர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"முடிஞ்சுதா கண்ணு? சேரைத் தொடச்சு வெச்சிருக்கேன். எப்ப வர்றே?"

எக்ஸாமினரைப் பார்த்தேன். அவர் குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டு, போன் பக்கம் குனிந்தார்.

"டீச்சர் இனி அங்க வரமாட்டாங்க. ரூம்ல சுடுதண்ணி வருமா?"