தொட்டியில் ஓடிய இன்ஜின்

நாகலாபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில்தான் அந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், நரைத்த புருவம். எதைக் கழற்றினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

வேம்பாரிலிருந்து எங்கள் படகு இன்ஜினைக் கொண்டுபோயிருந்தேன். கார்புரேட்டர் நிரம்பிப் பெட்ரோல் வழிந்து, இரண்டு முறை நடுக்கடலில் நின்றுவிட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் ஊசியைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. அவர் பெட்ரோல் குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"பம்பை மாத்துனது யாரு, அண்ணாச்சி?"

"நாந்தான். வேகமா ஓடும்னு பெருசாப் போட்டேன்."

"அது தள்ளுத தள்ளுக்கு ஊசி எப்படித் தாங்கும்? கார்புரேட்டர் மேல தப்பில்ல."

பழைய அளவுப் பம்பை மாட்டியதும் வழிவது நின்றது. ஆனாலும் இன்ஜினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரமாகியும் எழவில்லை.

"சரியாயிட்டுல்லா? கடலுக்கே வாங்களேன், ஓட்டிப் பாப்போம்" என்றேன்.

"எனக்குக் கடல்னா பயம். அங்கன நின்னுபோனா எறங்கித் தள்ள முடியாதுல்லா? அதான் இங்கனயே பாத்துக்கிடுதேன்."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தப் பயத்தை நம்பித்தான் நாங்கள் நான்கு பேர் கடலுக்குப் போனோம்.