உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய்

தம்பி மனைவியின் பிரசவத்துக்குத் துணையாக வடகவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிறந்த குழந்தைகளின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று மெஷின் வைத்து ஆராய்ச்சி செய்கிறவர் என்றார் நர்ஸ். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். குழந்தையின் தலையில் ஒட்டும் சிறிய ஒயர் வில்லைகளை அந்தக் குளிரில் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகுதான் வைப்பார்.

எங்கள் குழந்தைக்கு மூன்றாம் நாள் வலிப்பு வந்திருந்தது. மூளையில் பழுது இருக்கிறதா என்று அந்த மெஷின்தான் சொல்ல வேண்டும். வில்லைகளோ ஒட்டாமல் வழுக்கின.

"தலைக்கு எண்ணெ வைக்கக் கூடாதுன்னு நேத்தே சொன்னேன்ல?" என்று நர்ஸ் தம்பி மனைவியைத் திட்டினார். "பெத்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

வைத்தவள் நான். நர்ஸ் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். ஒரு சொட்டு என்ன செய்துவிடும் என்று, அவள் தூங்கும்போது குழந்தையின் உச்சியில் தடவிவிட்டேன். பிசுக்குப் போகாத விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

மெஷின்காரப் பெண் என் விரல்களைப் பார்த்தார். "யாரு வச்சா என்னங்க, தொடச்சுட்டு ஒட்டுவோம். அக்கா, நீங்க தலையைப் பிடிச்சுக்கங்க" என்றார்.

ஒரு மணி நேரம் பிடித்திருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதாவது நான் சொல்லியிருக்கலாம்.

"நாந்தான் தூக்கக் கலக்கத்துல தடவிட்டேன் போல, மதினி" என்றாள் தம்பி மனைவி.

"சரி, போகுது விடு" என்று அவளை நான் மன்னித்தேன்.