அக்காவின் கம்ப்யூட்டர் சூடான அந்த ஆயுத பூஜை

தோழிகளே, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டாம். அப்பா காதுக்குப் போனால் நான் தொலைந்தேன்.

சூடான சந்தன வாசனை...

மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. ரேவதி அக்கா பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு பாகமாக வாங்கி, தரையில் உட்கார்ந்து தானே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர் அது. முன்பக்கம் முழுக்கக் கறுப்பு வலை. வலைக்குப் பின்னால் மூன்று ஃபேன்.

அன்று ஆயுத பூஜை. தையல் மெஷின், கிரைண்டர், வண்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டு அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் பக்கம் வந்தார்.

"யப்பா, முன்னாடி வேணாம்ப்பா. மேல வைங்க" என்றாள் அக்கா.

"சாமிக்கு மூஞ்சில வப்பாங்களா, முதுவுல வப்பாங்களா? சும்மா இரு."

வலை மேலேயே மூன்று விரலால் பட்டை பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம். மேலே சாமந்திச் சரம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் களையா கீது" என்றார்.

மறுநாள் அக்கா துப்பாக்கி கேமைத் திறந்தாள். கால் மணி நேரத்தில் ஃபேன்கள் அலறின. திரை இருண்டது. மறுபடி போட்டாள். தொண்ணூற்றேழு டிகிரி. மறுபடி இருட்டு.

அக்கா வெயிலைச் சந்தேகப்பட்டாள். கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாள். பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தாள். சந்தனத்தை மட்டும் யாரும் தொடவில்லை. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அப்பா கட்டிலில் டீ குடித்துக்கொண்டே, "ராவும் பகலும் சுட்டுத் தள்ளுனா சூடாவாம இன்னா பண்ணும்? ரெண்டு கிளாஸ் மோர் ஊத்து" என்பார்.

"கேலி பண்ணிக்கினே இருங்க நீங்க!"

மூன்றாம் நாள்தான் ஒன்று பிடிபட்டது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தால் சூடு இறங்கியது. மூடினால் ஏறியது.

"குட்டி, காத்து உள்ள வரலடி. ஊதுபத்தி எடுத்தா."

வலைக்கு முன்னால் பிடித்தேன். ஃபேன் சுற்றுகிறது, புகை உள்ளே போகவேண்டும். போகவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போவது போல நேராக மேலே போனது. முன்பக்கத்தைக் கழற்றினோம். உள்ளே இருந்த தூசி வடிகட்டியில் சந்தனம் ஊறி, காய்ந்து, சுவர் மாதிரி நின்றது. அதன் மேல் சாமந்தி இதழ்கள்.

அப்பா எட்டிப் பார்த்தார். போய் பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு மக் தண்ணீரும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார்.

"நவுரு. நான் பூசுனது, நானே கழுவுறேன்."

"சாமி குத்தம் ஆயிடப் போவுதுப்பா" என்று அக்கா வேண்டுமென்றே இழுத்தாள்.

"மூச்சு முட்டிச் செத்தா மட்டும் சாமிக்கு சந்தோஷமா? அந்தத் துணிய குடு."

காயவைத்து மாட்டிய பிறகு மூன்று பேரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். அக்கா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்பா எண்களை உரக்கப் படித்தார். "எழுவது... அறுவத்தெட்டு... அறுவத்தஞ்சி..." ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கை தட்டினோம்.

அந்த அப்பாவை நான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

போன வருஷம் அக்கா தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் போய்விட்டாள். அப்பா கத்தவில்லை. "அந்தப் பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது" என்றார், அவ்வளவுதான். அம்மா போனிலும் என் போனிலும் அவள் நம்பரை அவரே அழித்தார். கம்ப்யூட்டர் மட்டும் என் படிப்புக்காகத் தங்கியது.

அந்த கேமுக்குள் இரண்டு பேர் எழுதிப் பேசிக்கொள்ளலாம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து பதினொரு மணிக்கு அக்கா அங்கே வருவாள். ஆனால் இப்போதெல்லாம் பத்து நிமிஷத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டு, அம்மா எப்படி என்று கேட்டு முடிப்பதற்குள் இருட்டு. போன வாரம், "உன்னாண்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று எழுதினாள். அதோடு அணைந்தது. அப்புறம் இத்தனை நாளும் அவளுக்கு நைட் டியூட்டி.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அப்பா கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. அம்மாதான் பக்கவாட்டில் ஒரே ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். வலையைத் தொடவில்லை.

இன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போனதும் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். புகை ஒழுங்காக உள்ளே போனது. அப்படியென்றால் பேஸ்ட்தான். கழற்றினேன். சாக்பீஸ் மாதிரி காய்ந்திருந்தது. ஒரு தோழி வாங்கித் தந்த சின்னப் பேஸ்ட் டியூப் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. ஒரு ஸ்குரு விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அன்று மூன்று பேர் சிரித்துக்கொண்டே செய்த வேலை. இன்று நான் வாசலைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

இப்போது அறுபத்தாறு டிகிரி. அரை மணி நேரமாக அணையவில்லை. கை தட்டத்தான் யாரும் இல்லை.

அக்கா வந்துவிட்டாள்! இருங்கள்...

அவள் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வரேன் குட்டி. வாசல்ல நிக்க வச்சாலும் பரவால்ல, அப்பாவ ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன். நீ அவராண்ட முன்னாடியே சொல்லி வை."

நானா? அவர் முன்னால் அந்தப் பெயரை நானா சொல்வது?

கதவு தட்டும் சத்தம்.

"பாப்பா, இன்னும் தூங்கல?"

அப்பா. திரையை அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை. கதவைத் திறக்கப் போகிறேன்