அவருடைய எண்

சூளகிரியில் கம்பெனி பஸ்ஸுக்கு நான் காத்து நிற்கும் இடத்திலிருந்து, என் கணவர் பைக்கோடு லாரியில் அடிபட்ட வளைவு தெரியும். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் தெரியாது. அது இன்னும் மோசம். பனிக்குள்ளிருந்து வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டும் அவருடையதாகவே தோன்றும்.

அவர் ஐசியூவில் கிடந்தபோது, பிழைத்துவிடுவார் என்று நம்பி ஜெபித்தேன். சபையே ஜெபித்தது. அவர் போய்விட்டார். பிறகு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். முன்பு காலையில் ஜெபித்த நேரத்தில், பஸ் வரும்வரை அவருடைய எண்ணுக்குப் போன் போடுவேன். சுவிட்ச் ஆஃப் என்று சொல்லும். கொஞ்ச மாதம் கழித்து, அப்படியோர் எண்ணே இல்லை என்றது. அப்போதும் நான் விடவில்லை.

ஒரு விடியலில் ரிங் போனது. யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. புஸ்ஸென்று காற்று வந்து அடங்கும் சத்தம் மட்டும், ஒரே சீராக. வென்டிலேட்டர் பக்கத்தில் நின்று நான் கேட்ட அதே சத்தம்.

“நீங்களா?” என்றேன்.

அழுதுவிட்டேன். பஸ் வந்து ஹாரன் அடிக்கும்வரை அந்தச் சத்தம் அறுபடவே இல்லை.

அதன்பின் தினமும் பேசினேன். வீடு ஒழுகுவதை, சூப்பர்வைசர் திட்டியதை, சாப்பாடு இறங்காததை எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் போன் போடாமல் இருப்பது அதைவிடப் பயம். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் பனி அதிகம். லாரிகள் கண்ணுக்குத் தெரியாமல் இரைந்து போயின. “நானும் அங்க வந்துடட்டுங்களா?” என்று கேட்டேன். கால் தானாகத் தார் ரோட்டில் இறங்கியிருந்தது.

“பேடம்மா. வேணாம். ரோட்ட விட்டு உள்ள வா.”

வயதான பெண்ணின் குரல். பின்னால் துள்ளி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

“லாரி சத்தம் கிட்ட கேக்குது, அதான் சொன்னேன்,” என்றது குரல். “நான் உன் வூட்டுக்காரரு இல்லம்மா. கர்நாடகாவுல ஆனேக்கல் பக்கம் இருக்கேன். நுரையீரல் கெட்டுப்போயி ஆக்ஸிஜன் மிஷின் வெச்சிருக்கேன். இது என் மக புதுசா வாங்கிக் குடுத்த நம்பரு.”

“ஏன் இத்தன நாளா சொல்லல?”

“மொத நாளே நீ அழுத. இல்லன்னு சொன்னா அவரு இன்னொருக்கா செத்த மாதிரி ஆயிடுமே. சொல்ல மனசு வரல. நீ பேசி முடிக்கிற வரைக்கும் யேசப்பாகிட்ட உனக்காகக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அன்று கம்பெனியில் மிஷின் முன்னால் நிற்கும்போதுதான், அந்த அம்மா சொன்னது மெல்ல உறைத்தது. நான் ஜெபத்தை நிறுத்திய பிறகும், எனக்காக ஒருவர் ஜெபித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மறுபடி போன் போட்டு விலாசம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் இருந்தார். என் தலையில் கை வைத்துக் கன்னடத்தில் ஜெபித்தார். பாதிதான் புரிந்தது. இவளைத் தனியாக விட்டுவிடாதே என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. என் கணவர் போன பிறகு முதல் முறையாக, அவர் இறந்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட வாய் வரவில்லை. திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது நானும் எழுந்தேன். அப்பத்துக்குக் கையை நீட்டினேன்.